ஹவுசிங் கத்துகிறதா? பிக்கப் வண்டியின் பின்பக்கச் சத்தம் குறித்து

“பின்னாடி ஹவுசிங் கத்துதுண்ணே” என்ற ஒரே வரியோடுதான் பல பிக்கப் வண்டிகள் பட்டறை வாசலுக்கு வருகின்றன. அந்த ஒரு வரியை நம்பி டிஃபரன்ஷியலை இறக்கி, கிரவுன்-பினியன் செட்டையே மாற்றிப் பூட்டி அனுப்பிய பிறகும் அதே சத்தம் அதே வேகத்தில் கேட்பது நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிய கதையல்ல. பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், ஆயில் சரியில்லை என்பார்கள். கடைசியில் பார்த்தால் ஓரம் தேய்ந்த பின் டயரோ, புரொப்பல்லர் ஷாஃப்டின் நடுவில் தொங்கும் சென்டர் பேரிங்கோ காரணமாக இருக்கும்.

சத்தம் எப்படி இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பின் ஆக்சிலைப் பொறுத்தவரை இரண்டுமே ஆளைத் திசைமாற்றுபவை. பினியனில் பிறக்கும் கூவல் ஷாஃப்ட் வழியே முன்னுக்கு வந்து கியர்பாக்ஸுக்கு மேலே, ஓட்டுநரின் காலடியில் கேட்கும். இடது சக்கர பேரிங்கின் உறுமல் ஆக்சில் குழாய் வழியே வலப்பக்கம் போய்ச் சேரும். கமான் பட்டையும் சேஸிஸும் இரும்பு. லோடு இல்லாதபோது பின் பாடியின் தகடு தவிலைப் போல அதிர்ந்து எந்தச் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே நம்பத்தக்க கேள்வி மூன்றாவதுதான்: சத்தம் எப்போது வருகிறது? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா, திரும்பும்போதா, லோடோடு போகும்போதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்வரை ஸ்பானரைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது இக்கட்டுரையின் கட்சி.

ஹவுசிங் என்ற கூட்டுக்குள், டிஃபரன்ஷியலில் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஷாஃப்டின் சுழற்சியைப் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் வாங்கி, தட்டு போன்ற பெரிய கிரவுன் வீலுக்குக் கொடுக்கிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் சிறிய ஸ்பைடர் கியர்கள் இருக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அவை இடம் கொடுக்கின்றன. நேர்ச்சாலையில் ஸ்பைடர் கியர்கள் ஒன்றோடொன்று உரசாமல் அப்படியே கூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். நேராகப் போகும்போது கத்துகிற வண்டிக்கு ஸ்பைடர் கியரைக் குறை சொல்ல முடியாது என்பது இந்த ஒரு விஷயத்திலிருந்தே தெரிந்துவிடும்.

பினியன், கிரவுன் வீலின் நடு அச்சுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கும். ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பை அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கியது. 1926ல் பேக்கார்டு கார்களில் புழக்கத்துக்கு வந்தது. ஷாஃப்டைத் தாழ்த்தலாம், பல் பெரிதாவதால் வலுவும் கூடும், சத்தமும் குறையும். ஆனால் இதில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கியும் செல்கின்றன. அந்த உராய்வைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 தர கியர் ஆயில். பிளக்கைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தினுடையது; ஆயில் கெட்டுப்போனதால் வருவதல்ல.

இனிக் கொஞ்சம் கணக்கு. 215/75 ஆர்15 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ.; ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டர் நகரும். 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏழரை முறை சுழல்கிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 4.1. பினியனும் ஷாஃப்டும் நொடிக்கு 31 முறை சுழலும். பல்லோடு பல் சேர்வது நொடிக்குச் சுமார் 310 தடவை. தேய்ந்த கிரவுன்-பினியன் கூவினால் அந்தச் சுருதி இந்த 310 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். வேகத்தை 40க்கு இறக்கினால் 205க்கு இறங்கும், 80க்கு ஏற்றினால் 410க்கு ஏறும். எந்த கியரில் ஓடுகிறது என்பது ஒரு பொருட்டல்ல. கைபேசியில் அலைவரிசை காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து சீட்டில் வைத்துக்கொண்டால் இந்த எண்ணைக் கண்ணாலேயே பார்க்கலாம். காதை மட்டும் நம்பியிருந்த காலத்து மெக்கானிக்குக் கிடைக்காத வசதி இது.

டயர்ச் சத்தமும் டிஃபரன்ஷியல் சத்தமும் ஏன் இவ்வளவு குழப்புகின்றன என்பதும் இதே கணக்கில் விளங்குகிறது. டயரின் சுற்றளவில் 50, 60 கட்டைகள் இருந்தால், ஏழரைச் சுற்றோடு பெருக்கும்போது 375 முதல் 450 ஹெர்ட்ஸ் வரும். கியர்க் கூவலுக்கு அண்டை வீடு. வேகத்தோடு ஏறுவதும் இறங்குவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் டயர் அதே சத்தத்தைத்தான் போடும், கியர் அப்படியல்ல. தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறினால் டயரின் குரல் மாறிவிடும், கியரின் குரல் மாறாது. இன்னும் சந்தேகம் இருந்தால் பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு ஒரு சுற்றுப் போய்வரலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு ஜாக்கியும் அரைமணி நேரமும்தான்.

சோதனை ஓட்டத்தில் மூன்று நிலைகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். எஞ்சின் வண்டியை இழுக்கும் நிலை ஒன்று. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி எஞ்சினை இழுக்கும் நிலை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, மிதியை லேசாகத் தொட்டுக்கொண்டு, வேகம் ஏறாமலும் இறங்காமலும் போகும் நிலை மூன்றாவது. இந்தக் கடைசி நிலையைத்தான் பெரும்பாலோர் சோதிப்பதே இல்லை. பினியன் பல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இழுக்கும்போது ஒரு முகமும், விடும்போது மறுமுகமும் கிரவுனைத் தொடுகின்றன. மிதிக்கும்போது மட்டும் கூவினால் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கிறது, அல்லது பினியன் உட்கார்ந்திருக்கும் ஆழம் சரியில்லை. விடும்போது மட்டும் கூவினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பினியன் நட்டையும் பேரிங் இறுக்கத்தையும். இறுக்கம் தளர்ந்தால் பினியன் முன்னும் பின்னும் நகர்ந்து தொடும் இடம் மாறுகிறது. நடுநிலையில் மட்டும் சத்தம் வந்து, மிதித்தாலோ விட்டாலோ அடங்கினால் அதுவும் பெரும்பாலும் அதே தளர்ச்சிதான். மூன்று நிலையிலும் மாறாமல் வருகிற உறுமல் பேரிங்கினுடையது, இல்லையென்றால் டயருடையது.

இதற்கு முன்பே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் விலக்கிவிட வேண்டும். வண்டியை நிறுத்தி, சத்தம் வந்தபோது இருந்த அதே ஆர்.பி.எம்.முக்கு எஞ்சினை ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் பின்பக்கம் நிரபராதி. அடுத்து, ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது சத்தமும் மாறினால் கோளாறு கியர்பாக்ஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. சுழற்சி நேரடியாகக் கடந்துபோகும் டைரக்ட் கியரில் மட்டும் சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸின் துணை ஷாஃப்டைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் பிக்கப்புக்கு வாய்த்த ஒரு வசதியைக் கையேடுகள் பேசுவதில்லை. போகும்போது லோடு, திரும்பும்போது காலி. இது தினமும் நடக்கும் இலவசச் சோதனை. சக்கர பேரிங் தாங்குவது எடையை. ஆகவே லோடு ஏறினால் அதன் உறுமல் கூடும், காலியாகத் திரும்பும்போது குறையும். பினியன் பேரிங் தாங்குவது எடையை அல்ல, பல்லின் தள்ளுவிசையை. அது மேட்டில் ஏறும்போது கூடும். சமதளத்தில் காலியானாலும் நிறைந்தாலும் பெரிய வித்தியாசம் காட்டாது. லோடோடு வண்டியை எடுக்கும்போது மட்டும் உடம்பு குலுங்கினால், கமான் பட்டை தாழ்ந்ததால் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கிறது என்று பொருள். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டிய வண்டியில் இதே குலுக்கல் காலியாகப் போகும்போது வரலாம். மலைப்பாதையும் நல்ல சோதனைச்சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பல்லின் இழுக்கும் முகம் நெடுநேரம் பாரத்தில் இருக்கிறது. எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது மறுமுகம். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்பைடர் கியர்கள் வேலை செய்கின்றன. போய்வர ஒரு நடை, மூன்று விடைகள்.

திரும்பும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு ஸ்பைடர் கியர், அவற்றைத் தாங்கும் பின், அடியிலுள்ள வாஷர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் தட்டுகள் உள்ள டிஃபரன்ஷியலில் திருப்பத்தில் வரும் தடதடப்பு பல நேரம் ஆயில் விவகாரம்; அதற்கென்று உள்ள சேர்மானத்தை ஊற்றினால் அடங்கும். அமெரிக்க ஷெவர்லே பிக்கப்களில் ஜி80 என்ற குறியீட்டில் வரும் ஈட்டன் டிஃபரன்ஷியலோ, இரு சக்கரங்களின் வேகத்துக்கு நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் ‘டங்’ என்று பூட்டிக்கொள்ளும். சேற்றில் அந்தச் சத்தம் கேட்டுப் பதறி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவோர் அங்கே உண்டு. அது கோளாறே அல்ல. இடப்பக்கம் திருப்பினால் வலது பேரிங் கத்தும், வலப்பக்கம் திருப்பினால் இடது கத்தும் என்ற வழக்கமான விதி முன் சக்கரங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே குழாயில் இரண்டு சக்கரமும் பூட்டிய பின் ஆக்சிலில் அதை அவ்வளவு நம்ப முடியாது. அங்கே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் உருப்படியான வழி.

‘டொக்’ சத்தம் தனிக்கதை. கிளட்ச் விட்டதும் ஒரு இடி, ரிவர்ஸ் போட்டதும் இன்னொரு இடி. உடனே “கிரவுன்-பினியன் பிளே ஆயிடுச்சு” என்ற தீர்ப்பு வந்துவிடும். கணக்கு இதை ஏற்பதில்லை. எட்டு அங்குல கிரவுன் வீலில் பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி 0.2 மி.மீ. என்றால், அது பினியன் ஃபிளாஞ்சில் அரை டிகிரி திருப்பமாகத்தான் தெரியும். இடைவெளி இரண்டு மடங்கானாலும் ஒரு டிகிரி. சக்கரங்களைப் பூட்டிவிட்டு ஃபிளாஞ்சைக் கையால் திருப்பும்போது பத்து டிகிரிக்கு மேல் ஆடினால், அந்த ஆட்டத்தில் பெரும்பங்கு ஸ்பைடர் கியரிலும் வாஷரிலும் ஆக்சில் நுனியின் பல்வரிகளிலும்தான் இருக்கிறது. அதற்கும் முன்னால் யூனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ், ஷாஃப்டின் வழுக்கும் மூட்டு, தளர்ந்த யு-போல்ட், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். கிராஸின் மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வறண்டு ஊசி பேரிங்குகள் பொடியாகிவிட்டன. மெதுவாக நகரும்போது ஒரே சீராக வரும் ‘கிரீச் கிரீச்’ அதன் முந்தைய கட்டம்.

பல் உடைந்திருக்கிறதா என்பதை ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆளில்லாத இடத்தில் வண்டியை முதல் கியரில் தவழவிட்டு, ஒருவர் பக்கத்திலேயே எட்டி நடந்து வரட்டும். கோடு ஒரு முறை கீழே வந்து போவதற்குள் ஒரே ஒரு ‘டக்’ என்றால் உடைந்தது கிரவுன் பல். நான்கு தடவை கேட்டால் பினியன் பல், அல்லது ஷாஃப்டோடு சுழலும் வேறு ஏதோ ஒன்று. பிரேக் டிரம்மில் ஏதாவது தட்டினாலும் சுற்றுக்கு ஒன்றுதான் கேட்கும் என்பதால், ஒற்றை ‘டக்’ கேட்டால் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிரவுன்மேல் பழி போட வேண்டும்.

ரோட்டில் கேட்டதைப் பட்டறையில் உறுதி செய்யும் முதல் சாட்சி ஆயில். நிரப்பும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் போய் வண்டியோடு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. காந்த பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லிசாக ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் செதில்கள், ஊசி போன்ற துணுக்குகள் என்றால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஆயில் பால் கலந்த டீயாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்: சூடான ஹவுசிங் தண்ணீரில் திடீரென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பேரிங் துருப்பிடித்துக் குரல் கொடுக்கும்போது வெள்ளம் வந்து போனதையே ஓட்டுநர் மறந்திருப்பார். பிரீதர் அடைத்துக்கொண்டாலோ அழுத்தம் பினியன் சீலைத் தள்ளும், ஆயில் கசியும், மட்டம் இறங்கும், கூவல் தொடங்கும். ஒரு சின்ன மூடியில் அடைந்த சேற்றிலிருந்து இத்தனையும்.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங்கிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பது பழைய முறை, இன்றும் பழுதில்லை. ஆனால் ஸ்டாண்டில் ஆக்சிலுக்குப் பாரம் கிடையாது. பாரத்தில் மட்டும் வரும் கூவல் அங்கே வாயே திறக்காது. அதனால் ஸ்டாண்டில் கிடைக்கும் அமைதியை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினால் சுற்றவிடுவது ஆபத்து. அந்தச் சக்கரம் மீட்டர் காட்டுவதைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழலும், ஸ்பைடர் கியர்கள் காய்ந்துபோகும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை டிஃபரன்ஷியல் என்றால் தரையிலுள்ள சக்கரம் பிடித்து வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு திறந்தே ஆக வேண்டும் என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். பல் இடைவெளியை டயல் கேஜில் நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். சிறிய பிக்கப் ஆக்சில்களில் 0.13 முதல் 0.20 மி.மீ. வரை பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உறுதியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இடத்துக்கு இடம் அளவு மாறினால் கிரவுன் கோணியிருக்கிறது. பிறகு பல்லில் மஞ்சள் களிம்போ நீலமோ தடவிச் சுற்றி, தொட்ட தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிக ஆழம் போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் ஆழம் போதவில்லை. பினியனின் ஆழத்தைத் தீர்மானிக்கும் ஷிம் தகட்டின் கனத்தை மாற்றித்தான் சரிசெய்ய முடியும். கழற்றிவிட்டால் இந்தச் சாட்சியங்கள் எல்லாம் போய்விடும், திரும்ப வராது.

பினியன் சீல் மாற்றிய பிறகு தொடங்கும் சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பட்டறையே உண்டாக்கும் நோய். பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. நட்டை முறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்குக்குத் தேவையான இறுக்கத்தைத் தருகிறது. ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான். சீல் மாற்றும்போது நட்டின் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளாமல், ஏர் கன்னை வைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டால் இறுக்கம் எல்லை மீறும். கொஞ்ச நாளில் பேரிங் நீலம் பாய்ந்து உறுமத் தொடங்கும். தளர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, குழாய்தான் நீளாதே. புதுக் குழாய் போட்டு, பினியன் சுழல எவ்வளவு விசை கேட்கிறது என்று அளந்து முறுக்குவது ஒன்றே வழி.

கருத்து வேறுபாடு உள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆயிலைக் கெட்டியாக்குவது. 80டபிள்யூ-90 இருந்த இடத்தில் 85டபிள்யூ-140 ஊற்றினால் கூவல் குறைவது உண்மை. லோடு வண்டிக்கு வெயில் காலத்தில் அது தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் அது தேய்மானத்தைத் திருப்பாது, பேரிங் உறுமலுக்கு எந்த உதவியும் செய்யாது. விற்கிற வண்டியில் மரத்தூளைப் போட்டு வாயை அடைக்கும் பழைய தந்திரத்துக்கும் இதற்கும் நடுவே உள்ள தூரம் சில நேரம் குறைவுதான். இரண்டாவது, பழைய பல்லைத் திரும்பச் சரிப்படுத்தும் முயற்சி. லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிரவுனும் பினியனும் ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்தவை. அளவு மீறிவிட்டதென்று அவற்றை நகர்த்திப் பூட்டினால் பழைய தேய்மானத் தடம் புது இடத்தில் பொருந்தாமல், முன்பைவிடப் பலமாகக் கத்தும். பேரிங்கை மட்டும் மாற்றி, பல்லைப் பழைய இடைவெளியிலேயே உட்கார வைப்பதுதான் அனுபவஸ்தர்களின் வழி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மாற்றுவதென்றால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான்; தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, ஒரே எண் பொறித்து வருபவை அவை.

எல்லாச் சத்தத்துக்கும் செலவு செய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் மாறாத மெல்லிய கூவல், சுத்தமான காந்த பிளக், குறையாத ஆயில் மட்டம் என்றால் அந்த வண்டி அப்படியே பல ஆண்டுகள் ஓடலாம். உறுமல் அப்படியல்ல, வாரத்துக்கு வாரம் வளரும். பினியன் பேரிங் விட்டுக்கொடுத்தால் பல்லையும் சேர்த்துக் கொண்டுபோகும், சக்கர பேரிங் விட்டுக்கொடுத்தால் சக்கரத்தையே.

புதிய செட்டின் விலைக்கு அஞ்சி, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஆக்சிலை முழுதாக வாங்கிப் பூட்டுவோரும் இருக்கிறார்கள். கெட்ட வழியல்ல. ஆனால் ஒரே மாதிரி வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பல் விகிதம் மாறியிருக்கும். கடையிலேயே ஒரு பக்கத்து டிரம்மை ஆடாமல் பிடித்துக்கொண்டு, ஃபிளாஞ்சைக் கையால் திருப்பி, மறுபக்க டிரம் சரியாக இரண்டு சுற்று வரும்வரை எண்ணினால் கிடைப்பதுதான் விகிதம்: நாலு சுற்றும் கொஞ்சமும் என்றால் 4.1, நாலரையைத் தாண்டினால் 41க்கு 9 பல். தவறான விகிதம் இரு சக்கர இழுவை வண்டியில் எஞ்சினின் சுற்றையும் ஸ்பீடாமீட்டரையும் மட்டும்தான் கெடுக்கும். நான்கு சக்கர இழுவை வண்டியிலோ முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, இல்லாத புதுச் சத்தங்களையெல்லாம் உண்டாக்கும். எண்ணிப் பார்க்கும்போதே ஃபிளாஞ்சை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிடுவதும் நல்லது. அங்கே துளி ஆட்டம் இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.